ஜாலான் புசாரில் கிடைக்கும் விமான உதிரிகள்

1981 ஜூலை 1 அன்று சிங்கப்பூரில் இரண்டு தொடக்கங்கள் நடந்தன. ஒன்றை ஊரே பார்த்தது. பாய லேபாரிலிருந்து இடம்பெயர்ந்து சாங்கி விமான நிலையம் அன்றுதான் இயங்கத் தொடங்கியது. மற்றதை யாரும் கவனிக்கவில்லை. நீ ஆன் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த சிம் வோங் ஹூ, இங் காய் வா என்ற நண்பர்கள் இருவர் கிரியேட்டிவ் டெக்னாலஜி என்ற பெயரில் ஒரு நிறுவனம் ஆரம்பித்தார்கள். சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் கணினி பழுதுபார்க்கும் சின்னக் கடை, அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குள் உட்கார்ந்து விமானம் ஓட்டும் பொழுதுபோக்கின் கதையில், அந்த விமான நிலையத்தைவிட இந்தக் கடைக்குத்தான் பங்கு அதிகம்.

அடுத்த மாதமே ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. ஜாய்ஸ்டிக் செருகுவதற்கான அட்டையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 1982 கடைசியில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. புரூஸ் ஆர்ட்விக் அதற்குமுன் ஆப்பிள் கணினிக்கு எழுதியிருந்த நிரலின் வழிவந்தது அது. திரையில் இருந்தது செஸ்னா 182 என்ற சிறு விமானம். நிஜ செஸ்னாவில் விமானியின் கையில் இருப்பது யோக்: இழுத்தால் மூக்கு மேலே, தள்ளினால் கீழே, திருப்பினால் இறக்கை சாயும். வீட்டிலோ பெரும்பாலோருக்குக் கீபோர்டு மட்டுமே. எண் விசைகளைத் தட்டித் தட்டி விமானத்தைச் சாய்ப்பது, தந்தி அடித்து மாட்டுவண்டி ஓட்டுகிற மாதிரிதான்.

தரையிலேயே பறக்கும் வித்தைக்கு அப்போதே அரை நூற்றாண்டு வயதாகியிருந்தது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் ஆர்கனும் தானியங்கிப் பியானோவும் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், 1929ல் அந்த ஆலையின் துருத்திகளையும் காற்றுப் பம்பையும் வைத்தே சாய்ந்து நிமிரும் ஒரு பயிற்சிப் பெட்டியைச் செய்தார். 1934ல் அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் அவை ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. வேறு தொழிலுக்கு என்று செய்த பொருளை எடுத்து விமானமாக்கும் பழக்கம் அங்கே தொடங்கியது. வீட்டில் யோக் செய்கிறவர்கள் இன்றுவரை அதைத்தான் செய்கிறார்கள்.

ஐபிஎம்மின் அந்த ஜாய்ஸ்டிக் அட்டை மிக எளிமையான யோசனை. பதினைந்து ஊசிச் செருகி ஒன்றில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் மாட்டலாம். ஆளுக்கு இரண்டு அச்சு, இரண்டு பொத்தான். அச்சு என்பது 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அதே இனம். அதன் வழியாக ஒரு சின்னக் கெப்பாசிட்டர் நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது என்று கணினி எண்ணிப் பார்க்கும். திருகு ஒரு கோடியில் இருந்தால் சுமார் 24 மைக்ரோ விநாடி, மறுகோடியில் ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல். அந்த எண்ணிக்கைதான் கை இருக்கும் இடம். வேகமான கணினிக்கு மாறினால் எண்ணிக்கையும் மாறிவிடும் என்பதால் மறுபடி அளவு திருத்த வேண்டும்.

மொத்தம் நான்கு அச்சு. விமானத்துக்கு என்னென்ன வேண்டும்? திருப்புவதற்கு ஒன்று, இழுத்துத் தள்ள ஒன்று, எஞ்சின் விசைக்கு ஒன்று, காலால் மிதிக்கும் ரடருக்கு ஒன்று. இரண்டு சிறுவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து விளையாட வைத்த ஏற்பாடு, ஒரே விமானிக்குக் கச்சிதமாகப் பொருந்திப்போனது.

கிரியேட்டிவ் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். 1989ல் அது சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையை வெளியிட்டது. அப்போது சந்தையில் கொடிகட்டிப் பறந்த ஆட்லிப் அட்டை செய்ததை எல்லாம் இதுவும் செய்தது. கூடவே பேச்சு ஒலியையும் வாசித்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் சத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அட்டையின் விளிம்பில் அந்தப் பதினைந்து ஊசித் துளையையும் கிரியேட்டிவ் சேர்த்துக் கொடுத்ததுதான் இங்கே விஷயம். பாட்டுக்காக வாங்கியவர் வீட்டுக்கும் ஜாய்ஸ்டிக் வழி இலவசமாக வந்துவிட்டது; கணினிக்குள் இன்னொரு அட்டைக்கு இடம் தேட வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் பிசிக்கான அட்டைகளில் அதிகம் விற்றது சவுண்ட் பிளாஸ்டர். 1992ல் நாஸ்டாக்கில் பட்டியலான முதல் சிங்கப்பூர் நிறுவனம் கிரியேட்டிவ். உலகம் முழுக்க மேசைகளில் யோக் ஏறுவதற்கு வழிவிட்ட துளையை வீடுவீடாகச் சேர்த்தது சிங்கப்பூர் நிறுவனம் என்று சொன்னால் அது மிகை இல்லை.

துளை இருந்தால் போதுமா, செருக ஏதாவது வேண்டுமே. 1990களில் சிஎச் புராடக்ட்ஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் மேசை விளிம்பைக் கவ்விக்கொள்ளும் யோக்குகளை விற்றன. சொந்தமாகச் செய்ய நினைத்த சிங்கப்பூர்க்காரருக்குத் தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எல்லாம் இருந்தது. சிராங்கூன் சாலையை விட்டு ஜாலான் புசார் பக்கம் வந்தால் முனையில் சிம் லிம் டவர். ரெசிஸ்டர், சுவிட்ச், மோட்டார், வயர் என்று சில்லறையாக உதிரிகள் விற்கும் கடைகள். ரோச்சோர் கால்வாயின் அந்தப் பக்கம் கணினிக்குச் சிம் லிம் ஸ்குவேர். டவருக்குப் பின்னால் 1930களிலிருந்து நடந்துவந்த சுங்கை ரோடு சந்தை. தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய ரேடியோ, உடைந்த கேசட் பிளேயர், கழற்றி எடுத்த மோட்டார்.

சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் ஒரு பொறி இருந்தது. பொட்டென்ஷியோமீட்டரின் உடம்பைத் திருப்பிப் பார்த்தால் A100K அல்லது B100K என்று அச்சடித்திருக்கும். ஆசியச் சரக்கில் B என்றால் திருப்பும் அளவுக்கு ஒரே சீராக மின்தடை ஏறும். A என்றால் முதலில் மெதுவாக ஏறி, கடைசியில் தாவும். காது கேட்கும் விதத்துக்கு அதுதான் தோதானது என்பதால் ரேடியோக்களின் வால்யூம் திருகு பெரும்பாலும் A. அதைக் கழற்றி யோக்கில் பூட்டினால் இடதுபக்கம் திருப்பும்போது விமானம் தூங்கும், வலதுபக்கம் கொஞ்சம் அசைத்தாலே கவிழும். அதனால் வால்யூம் திருகு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிட்டு, டவரில் புதிதாக B100K கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

மின்சாரப் பக்கம் இவ்வளவுதான். உண்மையான தலைவலி இரும்பில். செஸ்னா வகை யோக்கில் ஒரே தண்டு முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அதே சமயம் சுழலவும் வேண்டும். ஜாலான் புசார் வன்பொருள் கடைகளில் கிடைக்கும் பிவிசி குழாய், பேரிங், மேசை டிராயருக்கான ஸ்லைடு இவற்றை வைத்து இதைச் சாதிக்கலாம். போயிங் வகை இன்னும் கஷ்டம். அங்கே தூண் முழுவதும் தரைக்குக் கீழே உள்ள அச்சில் முன்னும் பின்னும் சாயும். கேப்டனின் தூண் அசைந்தால் துணைவிமானியின் தூணும் கூடவே அசையும். வீவக அடுக்குமாடி வீட்டின் தரையில் குழி தோண்ட முடியாது. மேடை கட்டித் தரையை உயர்த்தினால்தான் உண்டு, அதற்கேற்பக் கூரை தாழ்ந்துபோகும். ஏர்பஸ் பிரியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1988ல் சேவைக்கு வந்த ஏ320 யோக்கையே எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கோலை வைத்துவிட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் இன்று ஏ350க்கும் ஏ380க்கும் கோல். 777, 787, 737-8க்கு யோக். எந்த விமானத்தின் மேல் ஆசை என்பதைப் பொறுத்துத் தச்சுவேலை கூடும், குறையும்.

எல்லாவற்றையும்விடக் கடினம் கையில் தெரியும் கனம். செஸ்னாவில் யோக்கிலிருந்து இரும்புக் கயிறு நேராக இறக்கைக்கும் வாலுக்கும் போகிறது. காற்று தள்ளுவது விமானியின் கைக்கே தெரியும். பெரிய போயிங்குகளில் ஹைட்ராலிக்ஸ் அந்த வேலையைச் செய்துவிடுவதால் கைக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே வேகத்துக்குத் தக்கபடி யோக்கை இறுக்கிக் காட்டத் தனியாக ஒரு கருவியே வைத்திருக்கிறார்கள். நிஜ விமானத்திலேயே உணர்வைச் செயற்கையாகச் செய்துதான் தருகிறார்கள் என்றால், வீட்டில் ஸ்பிரிங் போடுகிறவர் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு ஸ்பிரிங்கை எதிரெதிராக இழுத்துப் பூட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறுத்தம் வைத்தால், சரியாக மையத்தில் 'டக்'கென்று ஒரு பள்ளம் உண்டாகும். தரையிறங்கும்போது தேவைப்படும் சின்னச் சின்னத் திருத்தங்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் மாட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் கயிறு போட்டால் ஓரளவு தப்பலாம்.

1996ல் யுஎஸ்பி வந்த பிறகு பதினைந்து ஊசித் துளை மெல்ல மறைந்தது; 2007ல் விண்டோஸ் விஸ்டா அதைக் கைவிட்டது. 2012ல் வந்த ஆர்டுயினோ லியனார்டோ என்ற மின்னணுப் பலகை தன்னையே யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் என்று கணினியிடம் சொல்லிக்கொள்ளக்கூடியது. அதற்கு ஒரு அச்சில் 1024 படிகள். 300 பாகை சுற்றும் பொட்டென்ஷியோமீட்டரில் யோக் 180 பாகைதான் திரும்புகிறது என்றால் கைக்கு வருவது ஏறக்குறைய 600 படி. பற்சக்கரம் போட்டு மீதியை மீட்பவர்கள் உண்டு. காந்தத்தின் கோணத்தைத் தொடாமலே அளக்கும் ஏஎஸ்5600 சில்லுக்கு மாறினால் ஒரு முழுச் சுற்றுக்கு 4096 படி, தேய்மானமும் இல்லை. பழைய துளையைப் போலவே, பழைய உதிரிகள் கிடைத்த சுங்கை ரோடு சந்தையும் போய்விட்டது; 2017 ஜூலை 10ல் மூடப்பட்டது.

2020ல் பெருந்தொற்றால் விமானங்கள் தரையில் நின்றன. சாங்கி முனையம் 2 மே மாதம் மூடியது. ஆகஸ்டில் புதிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தது. கடைகளில் யோக்குக்கு உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் பயிற்சி மையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு சிமுலேட்டரில் உட்காரவும் வைத்தது.

புதியது கிடைக்காதபோது பரணில் கிடக்கும் 1990களின் யோக்கை உயிர்ப்பிக்கலாம். பழைய முறைக்குப் பொட்டென்ஷியோமீட்டரின் மூன்று கால்களில் இரண்டே போதும்; மூன்றாவது சும்மா இருக்கும். ஆர்டுயினோ அளப்பது நேரத்தை அல்ல, மின்னழுத்தத்தை. ஆகவே அந்த மூன்றாவது காலில் ஒரு கம்பியைப் பற்றவைத்துப் பலகையின் கிரவுண்டில் சேர்த்துவிட வேண்டும். நான்கு அச்சுக்கு நான்கு கம்பி.