வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் மருத்துவப் பேச்சும் விளம்பர மொழியும்

மருத்துவர் கேட்கும் கேள்வி, மருந்துப் பையின் குறிப்பு, சுகாதாரச் சுவரொட்டி, தைல விளம்பரம் ஆகியவை கேட்பவர் மனத்தில் எப்படிப் பதிகின்றன என்று ஆராய்ந்து திருத்துவது பயன்பாட்டு மொழியியலின் ஒரு துறை. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைக் கொண்ட கோலசிலாங்கூர் மாவட்டம் இத்துறைக்கு நல்ல களம். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இங்கேதான், தென்னமரம் தோட்டத்தில் உருவானது.

தோட்டத்தில் மருத்துவச் செய்தி தாளில் வந்ததில்லை, வாயில் வந்தது. துரை எனப்பட்ட தோட்ட நிர்வாகியின் உத்தரவு கிராணி (எழுத்தர்), கங்காணி (மேற்பார்வையாளர்) வழியாகக் காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைக் கணக்கெடுக்கும் கூட்டத்தில், வந்து சேரும். மலேரியாக் காலத்தில் கொய்னா மருந்தும் அங்கேயே, ஆள் விழுங்கும்வரை பார்த்திருந்து கொடுக்கப்பட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்தியவர் டிரசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர். இவரது பணி 1965-ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் முறைப்படுத்தப்பட்டது. லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) மக்களின் பேச்சு அவருக்கு அத்துப்படி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்கும் (குடியிருப்புப் பகுதிகளுக்கும்) அடுக்குமாடிகளுக்கும் போனபின், அரசுக் கிளினிக்கிலோ தஞ்சோங் காராங் மருத்துவமனையிலோ அந்த இடையாள் இல்லை. வயதானவர்கள் பாசார் மலாயில், அதாவது எளிய சந்தை மலாயில், சமாளிக்கிறார்கள். வயிற்றுவலியை அதில் சொல்லிவிடலாம். 'நெஞ்சுல என்னமோ பிசையுது' என்பதைச் சொல்வது கடினம்.

இதற்குத் தமிழ்த் துண்டறிக்கை போதும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் சிக்கல் பெரும்பாலும் சொல்லில் இல்லை, வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது. ஜான் ஹெரிட்டேஜும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், சில மருத்துவர்கள் 'இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறதா' என்ற சாயலிலும், மற்றவர்கள் 'வேறு எதுவும் உண்டா' என்று இல்லை என்ற பதிலை நோக்கிச் சாயும் சொல்லிலும் கேட்டனர். முதல் வகைக் கேள்வி, சொல்லப்படாமல் போகும் குறைகளில் 78 விழுக்காட்டை நீக்கியது. இரண்டாவதால் பயன் தெரியவில்லை. தமிழில் இந்தச் சாய்வு இன்னும் பட்டவர்த்தனம். 'வேற ஒன்னும் இல்லைலம்மா?' என்று கேட்டால் எந்தப் பாட்டியும் 'இல்ல சார்' என்றுதான் எழுந்திருப்பார். 'வேற என்ன செய்யுது, சொல்லுங்கம்மா' என்றால் மரத்துப்போன கால் பற்றிய பேச்சு வரும். 'புரிஞ்சுதா?' என்ற கேள்வியும் இப்படித்தான், மரியாதைக்காகவே தலையாட்டுவார்கள். 'வீட்டுக்குப் போயி மாத்திரைய எப்படிப் போடுவீங்க?' என்று திருப்பிச் சொல்ல வைப்பதே சோதனை.

2019-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு, நோயுற்ற நிலை ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதே ஆய்வின்படி, நலத்தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைந்தவர்கள் மலேசியப் பெரியவர்களில் மூவரில் ஒருவர். 'உணவுக்கு முன்' என்ற குறிப்பை வைத்தே இதைப் பார்க்கலாம். மலேசியத் தமிழர் காலையில் பசியாறுகிறார்கள்; சாப்பாடு என்றால் பலருக்கும் சோறுதான். ரொட்டி சானாயும் தேத்தண்ணியும் முடித்தவர், தாம் இன்னும் சாப்பிடவில்லை என்று மெய்யாகவே நம்பலாம். 'காலைல பசியாறுறதுக்கு முன்னாடி' என்று எழுதினால் குழப்பம் இல்லை. மருத்துவரின் 'நாம' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. 'நாம இன்சுலின் ஆரம்பிச்சிருவோம்' என்பதில் நோயாளியும் முடிவில் பங்காளி. 'நாங்க' என்றால் அவர் வெளியாள்.

கேட்பவருக்குப் பழகிய வழியில் பேச வேண்டும் என்பதை வணிகர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். சிங்கப்பூரில் 1928-இல் தொடங்கிய ஒரு தைல நிறுவனம் எழுத்தறியாதவரும் அடையாளம் காணும்படி கோடாலிப் படத்தைச் சின்னமாக வைத்தது. கோடாலித் தைலம் என்று தமிழர் வாயில் அதுவே பெயராகிவிட்டது. இதன் மறுபக்கமும் உண்டு. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. வாட்ஸ்அப் குரல்பதிவில் 'பத்து நாள்ல சரியாயிருமாம்' என்று வருவதோ விளம்பரம் போலவே இருப்பதில்லை. அந்த 'ஆம்' கேள்விப்பட்டதைச் சொல்லும் இடைச்சொல். சொன்னவருக்குப் பொறுப்பில்லை, கேட்டவருக்கு நம்பிக்கை குறைவதுமில்லை. இதற்கு மறுப்பாக வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் 'தவிர்க்கவும்', 'அணுகவும்' என்ற அலுவலகத் தமிழில், யார் சொல்கிறார் என்றே தெரியாத குரலில் அமைகின்றன. பக்கத்து வீட்டு அக்காவின் குரலோடு அவை போட்டியிட வேண்டியிருக்கிறது.