வடிகுழாய் ஓய்ந்த நேரம்: இதய அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்பில் செவிலியரின் தீர்ப்பு

பைபாஸ் முடிந்து ஐ.சி.யு.வுக்கு வரும் நோயாளியின் உடலில் எத்தனையோ குழாய்கள், கம்பிகள். மணிக்கட்டுத் தமனியில் ஒன்று, கழுத்துச் சிரையில் ஒன்று, மூச்சுக்குழாய், சிறுநீர்க்குழாய், இதயத்தின் மேல் தைத்து வெளியே எடுத்த பேஸிங் கம்பிகள், மார்புக்கூட்டிலிருந்து ரத்தத்தை வடிக்கும் டிரெயின்கள். நாடி, அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் மானிட்டரில் ஓடிக்கொண்டிருக்கும். டிரெயின் பாட்டிலையும் சிறுநீர்ப் பையையும் மட்டும் பெரும்பாலும் செவிலியர்தான் குனிந்து பார்த்து, மணிக்கொருமுறை சார்ட்டில் ஏற்றுகிறார். இதை எழுத்தர் வேலையாக நினைப்பவர்கள் உண்டு. இது நோயறிதலின் ஒரு பகுதி, இதற்கேற்ற அதிகாரமும் செவிலியருக்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டிரெயினில் ரத்தம் கொட்டினால் எல்லோரும் ஓடி வருவார்கள். தொடர்ந்து சில மணி நேரம், மணிக்கு 200 மில்லிக்கு மேல் போனால் மார்பை மறுபடி திறக்கலாமா என்று அறுவை மருத்துவர் யோசிப்பார். ஏமாற்றுவது வடிதல் சட்டென நிற்கும் வேளை. மாதிரிக்கு 60 கிலோ எடையுள்ள ஒருவரின் மூன்று மணி நேரக் கணக்கை வைத்துக்கொள்வோம். டிரெயின் 130, 110, 10 மில்லி. மேல் ரத்த அழுத்தம் 118, 106, 96. மையச் சிரை அழுத்தம் 8, 11, 15. சிறுநீர் 60, 40, 20 மில்லி. அலாரத்தின் கீழ் எல்லையை 90 என்று வைத்திருந்தால் மானிட்டர் வாய் திறக்காது. “ரத்தம் நின்றுவிட்டது” என்று நிம்மதியாகக்கூட இருக்கும். நான்கு வரிசைகளையும் சேர்த்து வாசிப்பவருக்கோ குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், உள்ளே தேங்கிய ரத்தம் இதயத்தை நெருக்குகிறது என்ற சந்தேகம் உடனே எழ வேண்டும்.

இந்த நெருக்கலுக்குரிய மூன்று அடையாளங்களை 1935இல் கிளாட் பெக் வகுத்தார்: தாழும் ரத்த அழுத்தம், உயரும் சிரை அழுத்தம், மங்கும் இதய ஒலி. அறுவைக்குப் பிந்தைய படுக்கையில் அந்தப் பாடம் அப்படியே கைகொடுப்பதில்லை. வென்டிலேட்டர் இரைச்சலில் ஒலி மங்கியதா என்று யார் சொல்வது? உறைகட்டி ஒரு மூலையில் கிடந்து வலது ஏட்ரியத்தை மட்டும் அழுத்தலாம். கட்டும் குழாய்களும் மறைப்பதால் மார்பின் மேலிருந்து எடுக்கும் எக்கோவும் சிலசமயம் தெளிவாக விழாது. அப்போது மிஞ்சுவது சார்ட்டில் தெரியும் போக்குதான். (அடைப்பு நீங்கட்டும் என்று குழாயைப் பிதுக்கி உருவும் பழைய வழக்கம் உள்ளே 400 செ.மீ. நீர் அளவுக்கு மேல் எதிர்மறை அழுத்தத்தை உண்டாக்கக்கூடும். வழக்கமாக அதைச் செய்யாதிருப்பதே நல்லது.)

கருவி இன்னும் கெட்டிக்காரத்தனமாகிவிட்டால் செவிலியரின் கண் எதற்கு என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. இரண்டாம், மூன்றாம் நாளில் அடிக்கடி தலைகாட்டும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கருவிதான் முதலில் பிடிக்கிறது; மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனி எல்லை வைத்துக் கூவும் மணி, பாட்டிலில் ரத்தம் கட்டியாகிவிட்டதையோ கால்விரல்கள் சில்லிட்டதையோ அறியாது. காரணமில்லாமல் நாள் முழுக்க அடிக்கும் மணிக்குக் காது மரத்தும் போகும்.

அதிகாரம் என்று சொல்வதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. இதய அறுவைக்குப் பின் நேரும் இதயத்துடிப்பு நிறுத்தத்துக்கென ஐரோப்பிய இதய மார்பு அறுவை வல்லுநர்கள் 2009இலும், அமெரிக்க வல்லுநர்கள் 2017இலும் தனி வழிகாட்டு நெறி வெளியிட்டார்கள். இதயம் துடிதுடித்து நின்றால், ஒரு நிமிடத்துக்குள் கொடுக்க முடியுமானால், மார்பை அழுத்தும் முன்பே மூன்று ஷாக். வழக்கமான முழு அளவு அட்ரினலின் கூடாது. மீளாவிட்டால் ஐந்து நிமிடத்துக்குள் மார்பைத் திறக்க வேண்டும். இதற்கான பயிற்சியில் செவிலியர்களும் பங்கேற்கிறார்கள். மார்பைத் திறக்கும் குழுவில் நிற்கத் தகுந்தவர் என்று நம்பப்படுபவர், அந்த நிலை வருமுன் நள்ளிரவில் அறுவை மருத்துவரை நேரே போனில் அழைக்க மட்டும் ஏன் தயங்கி நிற்க வேண்டும்? எந்தெந்த மாற்றம் சேர்ந்து வந்தால் டியூட்டி டாக்டருக்காகக் காத்திராமல் அழைக்கலாம் என்பதை வார்டு நெறிமுறையில் எழுத்தில் வைத்துவிடலாம்.

அதற்கும் முதல் சில மணி நேரமாவது ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் இருந்தாக வேண்டும். ஒருவர் மூன்று படுக்கைகளுக்கு ஓடும் இடத்தில் சார்ட்டே காட்டிக்கொடுத்துவிடும்: ஆறு மணி நேரப் பதிவும் ஒரே மையில், ஒரே சாய்வில், 50, 50, 50 என்று.