லீக் ஆன ஆடியோ ஒரிஜினலா, எடிட் செய்ததா? கண்டுபிடிப்பது எப்படி? | விளக்கம்

"பரபரப்பு ஆடியோ லீக்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கிளிப் வருகிறது. அரை மணி நேரத்தில் டிவியில் ஓடுகிறது. சாயங்காலம் விவாதமும் தொடங்கிவிடுகிறது. சம்பந்தப்பட்டவரோ, "அது என் குரலே இல்லை" என்கிறார். யார் சொல்வது உண்மை? ஒரு ஆடியோவில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று எப்படி கண்டுபிடிக்கிறார்கள்? விரிவாக பார்க்கலாம்.

எடிட் என்றால் ஏஐ மட்டும்தானா?

இல்லை. நடுவில் ஒரு வரியை வெட்டினாலே போதும், அர்த்தம் தலைகீழாக மாறிவிடும்.

2012-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயது கறுப்பின சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்ட ஜார்ஜ் ஜிம்மர்மேன், அதற்கு சற்று முன் போலீசுக்கு போன் செய்திருந்தார். அந்த உரையாடலை என்பிசி சேனல் ஒளிபரப்பியபோது, "இவன் ஏதோ தப்பு செய்யப் போறவன் மாதிரி தெரியுறான், பார்த்தா கறுப்பர் மாதிரி இருக்கு" என்று அவரே ஒரே மூச்சில் சொன்னதுபோல கேட்டது.

உண்மையில் நடந்தது வேறு. நடுவில் போலீஸ் தரப்பில், "அவர் கறுப்பரா, வெள்ளையரா, ஹிஸ்பானிக்கா?" என்று கேட்டிருந்தார்கள். அதற்கான பதில்தான் இரண்டாவது வரி. கேள்வியை வெட்டியதும் பதில் இனவெறிப் பேச்சாக மாறிவிட்டது. இதில் ஒரு வார்த்தைகூட போலி இல்லை. முழுப் பதிவையும் ஒளிபரப்பான பகுதியையும் பக்கத்தில் வைத்துக் கேட்டதும் விஷயம் வெளியே வந்தது. சேனல் மன்னிப்பு கேட்டது, ஊழியர்கள் வேலையை இழந்தார்கள்.

ஆய்வகத்தில் என்ன பார்ப்பார்கள்?

* காதால் கேட்பது: ஃபேன் சத்தம் திடீரென நிற்கிறதா, வெளியே அடித்த ஹாரன் பாதியில் அறுபடுகிறதா, இரண்டு வாக்கியத்துக்கு நடுவே மூச்சு காணாமல் போகிறதா, அறையின் எதிரொலி மாறுகிறதா என்று திரும்பத் திரும்ப கேட்பார்கள்.

* ஸ்பெக்ட்ரோகிராம்: ஒலியை படமாக மாற்றிப் பார்ப்பது. வெட்டி ஒட்டிய இடத்தில் பின்னணி இரைச்சலின் தொடர்ச்சி உடைந்திருந்தால், காதுக்குத் தப்பியதும் படத்தில் தெரியும்.

* கரண்ட் ரீங்காரம்: இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வருகிறது. ஆனால் அது எப்போதும் மிகச் சரியாக 50-ல் நிற்காது. நொடிக்கு நொடி மிக லேசாக ஏறி இறங்கும். மின்சாதனங்களின் ரீங்காரம் பல ரெக்கார்டிங்குகளில் மெலிதாக பதிவாகிவிடும். ரீங்காரம் ஓர் இடத்தில் தாவினால், அங்கே வெட்டு விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். லண்டன் போலீசின் ஆய்வகம் இந்த ஏற்ற இறக்கத்தை தொடர்ந்து பதிவு செய்து வைத்து, ஒரு ஆடியோ எப்போது பதிவானது என்பதைக்கூட ஒப்பிட்டுப் பார்க்கிறது.

* ஃபைல் விவரங்கள்: எந்தக் கருவியில், எப்போது பதிவானது, பிறகு எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறக்கப்பட்டதா என்பது ஃபைலுக்குள்ளேயே பதிவாகி இருக்கலாம்.

நிக்சன் டேப்பில் நடந்தது என்ன?

இந்தத் துறையின் பிரபலமான வழக்கு இது. வாட்டர்கேட் ஊழலில், 1972 ஜூன் 20 அன்று அதிபர் நிக்சன் அலுவலகத்தில் பதிவான டேப்பில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சல் மட்டுமே இருந்தது. தவறுதலாக அழிந்திருக்கலாம் என்றது அவர் தரப்பு. ஆறு பேர் கொண்ட நிபுணர் குழு, டேப்பின் காந்தப் பதிவில் ரெக்கார்டர் விட்டுச்சென்ற தடங்களை ஆராய்ந்தது. குறைந்தது ஐந்து முறை தனித்தனியாக அழிக்கப்பட்டிருப்பதாக 1974-ல் சொன்னது. அழித்தது தெரிந்தது. அங்கே என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை.

ஏஐ குளோன் குரல் என்றால்?

2024 ஜனவரியில், நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களுக்கு அதிபர் ஜோ பைடன் குரலில் "ஓட்டு போட வராதீங்க" என்ற தொனியில் போன் வந்தது. அது ஏஐ குரல். குரலை ஆராய்ந்தது ஒருபக்கம் இருக்க, அழைப்பு எங்கிருந்து கிளம்பியது என்று பின்னோக்கித் தேடித்தான் ஆளைப் பிடித்தார்கள். அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

ஏஐ குரலைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர்களும் இருக்கின்றன. ஆனால் அவை தருவது தீர்ப்பு அல்ல, சாத்தியக்கூறு மட்டுமே. பின்னணி இரைச்சல் அதிகமானாலோ, பழக்கமில்லாத மொழியாக இருந்தாலோ அவை தடுமாறும்.

வாட்ஸ்அப் கிளிப் ஏன் சிக்கல்?

ஃபார்வர்டு ஆகும் ஆடியோ சுருக்கப்பட்டிருக்கலாம். சில நுண்ணிய தடயங்களும், பதிவு விவரங்களும் அதோடு போய்விடக்கூடும். ஸ்பீக்கரில் ஓடவிட்டு இன்னொரு போனில் பதிவு செய்தால் நிலைமை இன்னும் மோசம். அதனால்தான் நிபுணர்கள் முதலில் கேட்பது: "ஒரிஜினல் ஃபைல் எங்கே? எந்தக் கருவியில் பதிவு செய்தீங்க?"

இந்திய நீதிமன்றம் என்ன எதிர்பார்க்கிறது?

பேசியவர் குரல் அடையாளம் காணப்பட வேண்டும், பதிவில் கை வைக்கப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1985-ல் ராம் சிங் வழக்கில் கூறியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆதாரத்துடன் சான்றிதழும் கேட்கிறது. அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை மாதிரி. ஒரு நொடியை வெட்டினாலும் எண் மொத்தமாக மாறிவிடும்.

"ஏஐ" என்று சொல்லி தப்பிக்கலாமா?

இதுதான் புது ஆபத்து. போலி ஆடியோவால் நல்லவர் பெயர் கெடுவதுபோல, உண்மையாகவே பேசியவரும் "அது ஏஐ" என்று கைகழுவலாம். குரல் யாருடையது என்பதும், ஆடியோ எடிட் ஆனதா என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டுக்கும் தனித்தனியாக பதில் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கிளிப் எத்தனை நொடி, முழு உரையாடல் எங்கே என்று பாருங்கள்.
* கேள்வி இல்லாமல் பதில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.
* முதலில் வெளியிட்டவர் யார் என்று தேடுங்கள்.
* உங்களிடமே ஆதார ஆடியோ இருந்தால் அதை டிரிம் செய்யாதீர்கள். பதிவு செய்த போனையும் ஒரிஜினல் ஃபைலையும் அப்படியே பத்திரமாக வையுங்கள். நாளைக்கு உங்கள் பக்கம் பேசப்போவது அதுதான்.