இலை விழிக்கும் முன்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள மெர்போக்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய கடாரத்தைத் தேடி வருகிறார்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த மண் என்று சொல்லி, அங்குள்ள அருங்காட்சியகத்தை ஒட்டிய புக்கிட் பத்து பஹாட் கோயிலின் கல் அடித்தளத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கல்லின்மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் என் கண் ஜெராய் மலையடிவாரத்துக்கு ஓடிவிடும். அங்கே எஞ்சியிருக்கும் ரப்பர் மரங்களின் பட்டையில் இன்னொரு தமிழ் வரலாறு கீறப்பட்டிருக்கிறது. கீறியவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

அம்மா இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டினார். இருட்டிலேயே பிரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு மர நிரைக்குள் நுழைந்துவிடுவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். முதலில் வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்துக் கூடையில் போடுவார். பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைத் துடைத்து வைப்பார். பிறகு உளி இடப்பக்க மேட்டிலிருந்து வலப்பக்கச் சரிவுக்கு இறங்கும். பட்டையில் ஒரு காசின் கனத்துக்குத்தான் சீவல் விழும். அதற்கு மேல் ஆழம் போனால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். வெட்டு இடமிருந்து வலமாகச் சரிவதற்கும் காரணம் உண்டு. பால் குழாய்கள் பட்டைக்குள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்குக் குறுக்கே வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும்.

“ஏம்மா இவ்வளவு இருட்டுல வரணும்?” என்று ஒருநாள் கேட்டேன். “வெயில் ஏறிட்டா மரம் பால உள்ள இழுத்துக்கும்டா” என்றார். அதை ஒரு கதையாகவே எடுத்துக்கொண்டேன். அறிவியல் ஆசிரியராகி, புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் அது கதை இல்லை என்று தெரிந்தது.

ரப்பர் இந்த மண்ணின் மரம் அல்ல. 1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மிகச் சில. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லி அந்த மரங்களின் குணத்தைப் பொறுமையாகக் கவனித்தார். பிரேசிலில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். ரிட்லியோ, பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லச் சீவித் திரும்பத் திறந்தால் மரம் முதல் நாளைவிட அதிகப் பால் தருகிறது என்று கண்டார். காயத்துக்கு மரம் தரும் மறுமொழிதான் அது. அந்த ஒரு கவனிப்பின்மேல்தான் மலாயாவின் ரப்பர்த் தொழிலே எழுந்தது. 1909-இல் கெடா சயாமின் கையிலிருந்து பிரிட்டிஷாரின் பிடிக்குள் வந்தது. மறு ஆண்டு உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சிக்கு ஏறியது. காடுகள் அழிந்து நிரைகள் ஆயின. கங்காணிகள் தமிழ்நாட்டு ஊர்களில் ஆள் திரட்டினார்கள். எங்கள் பாட்டனார் தலைமுறை கப்பலேறியது இப்படித்தான்.

ஆனால் அந்தத் தோட்டங்களின் நேரத்தை வகுத்தது துரையும் அல்ல, கங்காணியும் அல்ல. இலைதான் வகுத்தது. இரவில் இலைத்துளைகள் மூடிக் கிடக்கும். வேர் மட்டும் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விடிவதற்குள் பட்டையின் ஒவ்வொரு உயிரணுவும் நீரால் விம்மியிருக்கும். 1960-களில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பட்டரி, போட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் மெல்லிய குழல்களைப் பட்டையில் செருகி, பால் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். விடியற்காலையில் அது பத்து வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியிருந்தது. கார் டயருக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. உளி பட்டதும் பால் பீறிடுவது இதனால்தான்.

வெளிச்சம் வந்ததும் இலை துளைகளைத் திறக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்ய அதற்கு வேறு வழியில்லை. திறந்த வாய் வழியே நீர் ஆவியாகப் போகிறது. இலை இழந்த நீருக்காகத் தண்டை இழுக்கிறது. பட்டைக்குள் அழுத்தம் சரிகிறது. அம்மா சொன்ன ‘உள்ள இழுத்துக்கும்’ என்ற சொல்லுக்குள் இவ்வளவும் இருந்தது. இலை வேலை செய்ய வெளிச்சம் வேண்டும் என்பதை 1779-இல் இங்கன்ஹௌஸ் நிறுவினார். அந்த வெளிச்சத்தில் இலை செய்யும் சர்க்கரைதான் பட்டைக்கு இறங்கி ரப்பராகிறது. பாலை உண்டாக்குவதும் அதைத் தடுப்பதும் அதே வெயில்தான்.

1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். நாடே புது நேரத்துக்கு மாறியது, மரம் மாறவில்லை. சூரியன் முன்பு எழுந்த நேரத்தில்தான் எழுந்தது, இலையும் அதோடுதான் விழித்தது. இங்கே இன்று ஏழு மணி கழிந்துதான் வெயில் முகம் காட்டுகிறது.

இலைக்கு ஆண்டுக் கணக்கும் உண்டு. கெடாவில் மார்கழி, தையில் மழை குறைந்துவிடும். தைப்பூசம் கழிந்து ஊர் திரும்பும்போது மரங்கள் செம்பு நிறத்தில் நிற்கும். சில நாளில் கிளைகள் மொட்டையாகும், நடந்தால் காலடியில் சருகு நொறுங்கும். வறட்சியில் நீரைக் காக்க மரம் கண்ட வழி அது. பிறகு தளிர் விடும்போது சேமித்த மாவுச்சத்தையெல்லாம் புது இலைக்கே செலவழிக்கும். பாலுக்கு மிச்சம் இருக்காது.

அப்படி ஒரு மாசி மாதத்தில் அம்மாவின் வாளி அரைவாசிதான் நிறைந்தது. பால் ஸ்டோரில் நிறுத்துப் பார்த்த கிராணி என்ற கணக்கர், எல்லார் முன்னாலும் “தூங்கிட்டு வந்தியா?” என்று சத்தம் போட்டார். “மரம் எல மாத்துதுங்கய்யா” என்றார் அம்மா. அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழுந்தது. காண்டா வாளியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் திரும்பி நடந்ததை நான் மறக்கவில்லை. இலை எடுத்த முடிவுக்குக் கூலியைக் குறைத்தார்கள். வெட்டுகிறவர் வேலையை மனப்பாடமாகச் செய்கிறார், மரத்தை அறிந்தவர் வெள்ளைக்கோட்டுப் போட்டவர்தான் என்ற நினைப்பு அந்த ஸ்டோரில் மட்டும் இருந்ததல்ல. எங்கள் தொழிலின் வரலாற்றை எழுதியவர்களிடமும் இருந்தது. கருவி அளந்து சொன்னதை அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான பெண்கள் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். ஒரு பதிவேட்டிலும் அது ஏறவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பணி ஓய்வுக்குச் சில ஆண்டு முன்பு, மலாய் நண்பர் ஒருவரின் சிறுதோட்டத்துக்கு என் மாணவர்களை அழைத்துப் போனேன். பக்கத்துப் பக்கத்து மரங்களில் சிலவற்றை விடியுமுன்னும் சிலவற்றை வெயில் ஏறிய பிறகும் வெட்டி, மங்குகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். உளி பிடித்துக் காட்டியவர் அம்மா. கை சற்று நடுங்கியது; சீவல் மட்டும் அதே கனத்தில் விழுந்தது. வெயிலில் வெட்டிய மங்குகளில் பால் தாழ்ந்திருந்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அழுத்தம், ஆவியாதல், ஒளிச்சேர்க்கை என்று நான் விளக்கி முடிக்கும்வரை அம்மா பொறுமையாகக் கேட்டார். “அப்போ அன்னிக்கு நான் சொன்னது சரிதானே?” என்றார். “சரிதாம்மா” என்றேன்.

மாசி பிறந்ததும் ஒரு மாணவி, இப்போதும் வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அம்மா அண்ணாந்து மொட்டைக் கிளைகளைப் பார்த்தார். மரத்தடிக்குப் போய் மங்கை எடுத்துத் துடைத்தார். “எல மாத்துதும்மா, தளிர் முத்தட்டும்” என்று சொல்லி அதைக் கவிழ்த்து வைத்தார்.