இலண்டன் மழையும் பயணியின் பெட்டியும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது தமிழரிடையே வழங்கும் பழமொழி. பிறந்த ஊரிலேயே வளர்ந்து, அங்கேயே வாழ்ந்து முடிப்பவனுக்கு இதன் முழுப்பொருள் விளங்குவதில்லை. கடல் கடந்து, பழக்கமில்லாத ஒரு மாநகரில் கால் வைப்பவனுக்கே அது விளங்குகின்றது. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, திறந்த பெட்டியின் முன் அமர்ந்து, எதை எடுப்பது, எதை விடுப்பது என்று திகைக்கும்போது அவன் இரண்டு வினாக்களுக்கு விடை தேடுகின்றான். அங்கே வானம் எப்படியிருக்கும் என்பது ஒன்று. அங்குள்ளோர் தன்னை எப்படிப் பார்ப்பர் என்பது மற்றொன்று. இவ்விரண்டு அச்சங்களில் எது பெட்டியை நிரப்புகின்றது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய இலண்டன் மாநகர் மிகவும் ஏற்றது.

வானத்தின் இயல்பு

பருவக்காற்றை நம்பி வாழும் நாடுகளில் மழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தமிழகத்து உழவர் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழையை எதிர்பார்க்கின்றனர். மலாயாவின் கிழக்குக் கரை மீனவர் நவம்பர் தொடங்கியதும் வடகிழக்குப் பருவக்காற்றுக்கு அஞ்சிப் படகைக் கரையேற்றுகின்றனர். மழை வந்தாலும் நின்றாலும் அந்நாடுகளில் குளிருக்கு ஆடை தேட வேண்டியதில்லை.

இலண்டனிலோ நிலைமை வேறு. அந்நகரில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர்தான். சென்னையில் 1,400 மில்லிமீட்டர் அளவிலும், கோலாலம்பூரில் 2,400 மில்லிமீட்டருக்கு மேலும் மழை பெய்கின்றது. கோலாலம்பூர் மழையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத நகரம், மழை நகரம் என்று பெயர் பெற்றது எவ்வாறு? அங்கே மழையின் அளவு சிறிது. அது வரும் வேளையோ எவருக்கும் தெரியாது. காலையில் கதிரவன் ஒளிவீசுவான். நண்பகலில் தூறல் விழும். மாலையில் குளிர்காற்று எலும்பைத் துளைக்கும். வடதுருவத்தின் குளிர்காற்றும் தென்திசையின் வெப்பக்காற்றும் சந்திக்கும் வழியில் அத்தீவு கிடக்கின்றது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து மேலைக்காற்றுச் சுமந்து வரும் தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கடந்து செல்கின்றன. அதனால் ஒரே நாளில் மூன்று பருவங்களைக் காண்பது அங்கே புதுமையன்று.

நகைப்புக்கு ஆளான குடை

இத்தகைய வானத்தின்கீழ் வாழ்ந்த மக்கள் தொன்றுதொட்டே குடை பிடித்திருப்பர் என்று கருதுவது இயல்பு. உண்மை அதுவன்று. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இலண்டனில் ஆண்கள் குடை பிடிப்பது இழிவாகக் கருதப்பட்டது. குடை பெண்களுக்குரியது என்பது ஒரு காரணம். குடை பிடித்து நடப்பவன் சொந்தமாக வண்டி வைத்துக்கொள்ள வசதியற்றவன் என்று ஊரறிந்துவிடும் என்பது மற்றொரு காரணம்.

பாரசீகம் வரை பயணம் செய்து திரும்பிய வணிகரும் அறப்பணியாளருமான ஜோனாஸ் ஹான்வே, ஏறத்தாழ 1750-ஆம் ஆண்டு முதல் இலண்டன் தெருக்களில் துணிந்து குடை பிடித்து நடந்தார். சிறுவர் கேலி செய்தனர். மழை நாளில் மிகுதியான வருவாய் பெற்றுவந்த வாடகை வண்டியோட்டிகளும் பல்லக்குத் தூக்கிகளும் தங்கள் பிழைப்பில் மண் விழுந்ததென்று அவரை வசைபாடினர். அவர் பொருட்படுத்தவில்லை, முப்பது ஆண்டுகள் விடாமல் குடையுடன் நடந்தார். 1786-இல் அவர் மறைந்தபோது குடை பலர் கையில் ஏறியிருந்தது. 1852-இல் சாமுவேல் பாக்ஸ் என்பார் எஃகுக் கம்பிகளால் எடை குறைந்த குடைச்சட்டம் அமைத்த பின்னர் அது எளியோர்க்கும் உரியதாயிற்று. மழை என்றும் பெய்துகொண்டுதான் இருந்தது. அதைத் தடுக்கும் கருவியும் இருந்தது. நடுவே தடையாக நின்றது பிறர் நகைப்பு ஒன்றே.

இரப்பர் தந்த மேலங்கி

குடையால் காற்றோடு வரும் சாரலைத் தடுக்க இயலாது. 1823-ஆம் ஆண்டில், கிளாஸ்கோ நகரத்து வேதியியல் வல்லுநர் சார்லஸ் மெக்கிண்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து வடித்தெடுத்த நாப்தாவில் இரப்பரைக் கரைத்து, அக்கரைசலை இரு துணிகளுக்கு இடையே பூசி, நீர் புகாத துணியைச் செய்து காப்புரிமை பெற்றார். அத்துணியால் தைத்த மழையங்கிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆயினும் அது குளிரில் பலகைபோல் விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது, நாற்றமும் வீசியது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றி இரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயரும் ஆங்கிலேயரான தாமஸ் ஹான்காக்கும் 1840-களில் காப்புரிமை பெற்ற பின்னரே அக்குறை நீங்கிற்று.

அந்நாளில் இரப்பர் தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து வந்தது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு ஏறத்தாழ 70,000 விதைகளைக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22, மறு ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றிலிருந்து பெருகிய தோட்டங்களில் பால்மரம் சீவ, தமிழகத்திலிருந்து தொழிலாளர் கப்பல் ஏறினர் என்பது மலேசியத் தமிழர் குடும்பந்தோறும் அறிந்த வரலாறு. தோட்டத்துப் பாலின் பெரும்பகுதி வண்டிச் சக்கரங்களுக்குச் சென்றது. எஞ்சியது மழையங்கியாகவும் மழைக் காலணியாகவும் குளிர்நாட்டு மக்களைக் காத்தது. வெட்டுக்கு முன் மழை பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி போயிற்றே என்று வானத்தை நோக்கி வருந்திய தொழிலாளி, மேலைநாட்டார் நனையாமலிருக்கப் பால் எடுத்துக் கொடுத்தான். தான் நனைந்துகொண்டே கொடுத்தான்.

வானிலை அறிவிப்பு

நாளைய வானத்தை இன்றே அறிந்தால் பெட்டி கட்டுவது எளிதாகுமன்றோ? சார்லஸ் டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவராக விளங்கிய இராபர்ட் பிட்ஸ்ராய், 1854-இல் பிரிட்டிஷ் அரசின் வானிலைத் துறைக்குப் பொறுப்பேற்றார். பல கடற்கரை ஊர்களிலிருந்து தந்திவழி வந்த செய்திகளை ஒன்றுதிரட்டி, அவர் கணித்த முதல் பொது வானிலை அறிவிப்பு 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் வெளிவந்தது. கணிப்புப் பொய்த்த நாள்களில் அவரும் கேலிக்கு ஆளானார். பல்வகை மனத்துயரால் வாடிய அவர் 1865-இல் மறைந்தார். மறு ஆண்டில் பொது அறிவிப்பும் நிறுத்தப்பட்டது. 1879-இல்தான் அது மீண்டும் தொடங்கிற்று. ஆயினும் அறிவிப்பு நாளைக்கும் மறுநாளைக்குமே உதவும். பல வாரக் கடற்பயணத்தின் முடிவில் வானம் எப்படியிருக்கும் என்று அதனால் கூற இயலாது. கீழைநாட்டுப் பயணி தன் அறிவையே நம்பவேண்டியிருந்தது.

வெள்ளை உடுப்பும் வெட்கமும்

அத்தகைய பயணியருள் ஒருவர்தாம் பத்தொன்பது வயது நிறையாத மோகன்தாசு காந்தி. 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் அவர் பம்பாயில் கப்பலேறினார். பயணம் முழுவதும் கறுப்பு உடுப்பையே அணிந்து, கரையிறங்கும் நாளில் சிறப்பாகத் தோன்றவேண்டுமென்று வெள்ளைப் பிளானல் உடுப்பைப் பெட்டியில் காத்து வைத்திருந்தார். செப்டம்பர் இறுதியில் அதை அணிந்து கரையில் இறங்கிய பின்னரே, வெள்ளை உடுத்தவர் தாம் ஒருவரே என்பதைக் கண்டார். பிற பயணியரைப் பின்பற்றிப் பெட்டியையும் திறவுகோலையும் முகவரிடம் ஒப்படைத்துவிட்டமையால் மாற்றுடையும் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆகவே பெட்டி உடனே வந்து சேரவும் வழியில்லை. அந்த வெட்கம் தம்மால் தாங்க முடியாததாக இருந்தது என்று தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார்.

இங்கு ஒன்று உளங்கொளத் தக்கது. பிளானல் என்பது கம்பளித் துணி. குளிரைத் தாங்கக் கூடியது. அன்று அவரை வருத்தியது வானமன்று, சுற்றி நின்றோரின் பார்வையே. அப்பார்வைக்கு ஈடு கொடுக்க, பின்னர் அவர் 19 ஷில்லிங்குக்கு உயரத் தொப்பியும், 10 பவுனுக்கு மாலை உடுப்பும் வாங்கினார்.

போர்வையை அறியாத மேதை

1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறிய கணித மேதை இராமானுஜனின் அனுபவம் வேறு வகைப்பட்டது. குடுமியை நீக்கி, மேலைநாட்டு உடை பூண்டு அவர் புறப்பட்டார். பிறர் பார்வைக்கு வேண்டியன யாவும் பெட்டியில் இருந்தன. ஆனால், கேம்பிரிட்ஜில் ஒருநாள் அவரைக் காணச் சென்ற மாணவ நண்பர் மகலநோபிசு, இரவில் குளிர் வாட்டவில்லையா என்று வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்துக்கொண்டே உறங்குவதாக இராமானுஜன் கூறினார். நண்பர் படுக்கையறையில் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிப் போர்வைகள் போதிய அளவில் இருந்தன. அவை மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகப்பட்டிருந்தன. மேல்விரிப்பை விலக்கி, போர்வைகளுக்கு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை இராமானுஜன் அறிந்திருக்கவில்லை. அவற்றின் மேலேயே படுத்துவந்தார். நண்பர் அன்புடன் அம்முறையைக் காட்டிக் கொடுத்தார்.

எண்களின் ஆழத்தைக் கண்ட மேதைக்குப் போர்வையின் பயன் தெரியவில்லையே என்று நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் வளர்ந்தவர்க்கு அதை எவரும் கற்பிக்கவில்லை என்பதே செய்தி. குளிரை வெல்வது துணியின் எண்ணிக்கை மட்டுமன்று, அதைப் பயன்படுத்தும் அறிவு.

ஏடனில் குறைந்த சுமை

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், மதுரை மாநகரில், ஏழை மக்களைப் போலவே இனி அரைமுழத் துணியே உடுப்பது எனக் காந்தியடிகள் முடிவெடுத்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின், 1931-இல், இரண்டாம் வட்டமேசை மாநாட்டிற்காக அவர் மீண்டும் இலண்டனுக்குப் புறப்பட்டார். கப்பலில், தம் உடன் வந்தோர் பெட்டி பெட்டியாகப் பொருள்களைச் சேர்த்து வந்திருப்பதைக் கண்டு கடிந்துகொண்டார். மேலைநாட்டுக் குளிருக்கும் மதிப்புக்கும் வேண்டியவை என்று அன்பர் பலர் அளித்தவை அவை. இன்றியமையாதவை நீங்கலாக ஏனையவை ஏடன் துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டன.

செப்டம்பர் 12-ஆம் நாள் இலண்டன் சேர்ந்த அவர், டிசம்பர்த் தொடக்கம் வரை இலையுதிர் காலம் முழுவதையும், நகரின் கிழக்குப் பகுதித் தொழிலாளர் நடுவே, கிங்ஸ்லி மண்டபத்தில் கழித்தார். உடுத்தியவை அரைத்துணி, சால்வை, மிதியடி ஆகியவையே. அயல்நாட்டுத் துணி மறுப்பால் வேலையிழந்திருந்த லங்காசயர் ஆலைத் தொழிலாளரையும் அவ்வுடையிலேயே சந்தித்தார். அவர்களும் அவரை அன்போடு வரவேற்றனர். நவம்பர் 5-ஆம் நாள் பக்கிங்காம் அரண்மனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அளித்த வரவேற்புக்கும் அதே உடையில் சென்றார். 1888-இல் வெள்ளை உடுப்பில் கூசி நின்றவரும் இவரே. நகரமும் அதுவே, செப்டம்பர் மாதமும் அதுவே. உலகறிந்த தலைவர்க்கு இயன்றது ஓர் இளம் மாணவனுக்கு எளிதன்று என்பது உண்மைதான். எனினும், அவரிடம் மாறியது புகழ் மட்டுமன்று. தம் உடைக்குத் தாமே கூறிக்கொள்ளத்தக்க காரணம் ஒன்று அவரிடம் இருந்தது.

ஆசிரியர் பயணம்

1952 முதல் 1962 வரை, லிவர்பூல் நகரை அடுத்த கெர்க்பியில், மலாயா ஆசிரியர்ப் பயிற்சிக் கல்லூரி நடைபெற்றது. மலாய், சீன, இந்திய இளைஞர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே பயின்றனர். 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், கடுங்குளிர்ப் பருவத்தில், துங்கு அப்துல் ரகுமான் நாட்டின் விடுதலை நாளை அறிவித்தது அக்கல்லூரியில்தான். ஆண்டு முழுதும் ஒரே வெப்பத்தில் வளர்ந்த அவர்கள் குளிரையும் ஈரத்தையும் தாங்கக் கற்றுக்கொண்டது பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்.

அப்பாடம் எளியது. பருமனான ஓர் உடுப்பைவிட மெல்லிய மூன்று உடுப்புகள் மேலானவை. உடலை ஒட்டி ஒரு மெல்லிய சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும்மேல் மழையும் காற்றும் புகாத மேலங்கி. இவற்றின் இடையே தங்கும் காற்றே உடலின் வெப்பத்தைக் காக்கின்றது. வெயில் வந்தால் ஒன்றைக் களையலாம். குளிர் மிகுந்தால் ஒன்றைச் சேர்க்கலாம். மாறும் வானத்துக்கு ஏற்ற விடை, மாற்றிக்கொள்ளத்தக்க உடையே. இதற்குப் பெரிய பெட்டி வேண்டுவதில்லை.

பெட்டியைக் கனக்கச் செய்வது பெரும்பாலும் வானத்தைப் பற்றிய அச்சமன்று; பிறர் கண்ணைப் பற்றிய அச்சமே. ஹான்வே முப்பது ஆண்டு நடந்து அதை வென்றார். காந்தியடிகள் அதை ஏடன் துறையில் இறக்கி வைத்தார். பெட்டியை மூடுமுன் ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்து, இது மழைக்கா, குளிருக்கா, பிறர் பார்வைக்கா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது பயணிக்கு நலம் பயக்கும். மூன்றாவதற்கென்று எடுத்தவற்றுள் பாதியை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். குடையை மட்டும் விட்டுச் செல்லலாகாது.