ஆங்கிலேயப் பீங்கான் தேநீர்க் கிண்ணங்கள்

ஆங்கிலேயப் பீங்கான் தேநீர்க் கிண்ணம் என்பது 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட, கைப்பிடி இல்லாத சிறு கிண்ணமாகும். அதனுடன் குழிந்த சாசர் ஒன்றும் இருக்கும். இவ்விரண்டும் சேர்ந்த இணையையே சேகரிப்பாளர்கள் பெரிதும் நாடுகின்றனர்.

தோற்றம்

தேயிலையும் பீங்கானும் சீனாவிலிருந்து ஒரே கப்பல்களில் ஐரோப்பாவுக்குச் சென்றன. சீனக் கிண்ணத்துக்குக் கைப்பிடி கிடையாது; அதைப் பார்த்துச் செய்த ஆங்கிலேயரும் கைப்பிடி வைக்கவில்லை. தொடக்கக் கால ஆங்கிலேயப் பீங்கானில் பல, கொதிநீர் பட்டதும் விரிசல் கண்டன. 1751இல் தொடங்கப்பட்ட வூஸ்டர் ஆலை, மாக்கல் தூளைக் கலந்து வெப்பம் தாங்கும் பீங்கானைச் செய்தது. தமிழ்நாட்டில் கல்சட்டி செய்யப் பயன்படுவதும் மாக்கல்லே. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்போட் ஆலை, எலும்புச் சாம்பல் கலந்த 'போன் சைனா'வைச் செம்மைப்படுத்தியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கைப்பிடியுள்ள கோப்பைகள் பரவியதால், கிண்ணங்கள் மெல்ல வழக்கொழிந்தன.

சென்னையில்

வூஸ்டரில் இயங்கிய சேம்பர்லின் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் தீட்டிய விருந்துக் கலங்களைப் புனித ஜார்ஜ் கோட்டைக்காகச் செய்து தந்தது. ஆசியாவைப் பார்த்துக் கற்ற தொழில், இவ்வாறு ஆங்கிலேயச் சரக்காக ஆசியாவுக்கே திரும்பியது. கம்பெனியாரும் ஆற்காடு நவாபுகளும் பயன்படுத்திய பீங்கான் கலங்களை, 1948இல் திறக்கப்பட்ட கோட்டை அருங்காட்சியகத்தில் காணலாம்.

தாம்பரத்துக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில், பிற பழம்பொருட்களோடு பீங்கான் கலங்களும் விற்பனைக்கு வருகின்றன. ஆனால் பழையதாகத் தோன்றுவதெல்லாம் 18ஆம் நூற்றாண்டினது அன்று.

அடையாளம் காணுதல்

அடியில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அவ்வாண்டில் நடைமுறைக்கு வந்ததே காரணம். ஆலை முத்திரையை மட்டும் நம்பவும் இயலாது. பாரிசின் சாம்சன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் வூஸ்டர், செல்சி கலங்களைப் போலவே செய்து விற்றது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பழைய வூஸ்டர் பீங்கான் பெரும்பாலும் இளம்பச்சையாகத் தெரியும். கிண்ணமும் சாசரும் ஒரே நிறம் காட்டுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

கலம் எந்த ஊரில், எவ்வகை வீட்டில் இருந்தது என்பதை வாங்கும்போதே குறித்து வைப்பது இன்றியமையாதது. கைமாறக் கைமாற அச்செய்தி மறைந்துவிடும். பிறகு அதை ஆங்கிலேயப் பீங்கான் என்று மட்டுமே சொல்ல முடியும். சென்னை வரலாற்றுக்கு அது சான்றாகாது.