பாலாற்றங்கரை கிணறுகளின் 3டி படம்: திருப்பிப் பார்க்காமல் நம்பலாமா?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பகுதி நிலத்தடி நீர் பற்றிய ஆய்வுகளில் கலர் கலராக ஒரு 3டி படம் வரும். பார்த்தால் ஏலகிரி மலை மாதிரியே இருக்கும். ஆனால் அது மலை இல்லை. கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கு என்பதுதான் அந்த உயரம்.

தோல் கெடாமல் இருக்க உப்பு போட்டு வைப்பாங்க. தொழிற்சாலையில் அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் இறங்கிடும். இந்தத் தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ பாழானதாக ஒரு ஆய்வு சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே இந்தக் கணக்கு இருக்கு. 2025 ஜனவரி 30-லும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்த ஊர்க் கிணறு கெட்டிருக்கு என்பது அதனால் பணம் சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட.

படத்தின் அடித்தளத்தில் இரண்டு அச்சு: ஒன்று கிழக்கு மேற்கு, இன்னொன்று வடக்கு தெற்கு. செங்குத்து அச்சு டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு. குடிநீரில் 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

எப்படித் திருப்புவது?

பாராவியூ, மேட்பிளாட்லிப் போன்ற மென்பொருள்களில் மவுஸின் இடது பட்டனை அழுத்தி இழுத்தால் படம் சுழலும். வலது பட்டனை அழுத்தி இழுத்தால் பெரிதாகும், சிறிதாகும். மொபைலில் திறக்கும் படங்களில் பெரும்பாலும் ஒரு விரல் சுழற்ற, இரண்டு விரல் பெரிதாக்க.

படத்தைத் திறந்ததும் தெரிவது மென்பொருள் தானாக வைத்த ஒரு கோணம், அவ்வளவுதான். முன்னால் ஒரு ஊரில் டி.டி.எஸ். 6,000 என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் 3,000 இருக்கும் ஊர் கண்ணுக்கே தெரியாது. அறிக்கையில் அச்சாகிற படத்தைத் திருப்பவும் முடியாது!

அதனால் முதலில் நேர் மேலிருந்து பாருங்கள். அப்போது அது சாதாரண மேப் மாதிரி ஆகிடும், எந்த ஊரும் ஒளியாது. உயரத்தை ஒப்பிட பக்கவாட்டில் பார்க்கணும். பாராவியூவில் அப்போது ‘பேரலல் புரொஜெக்‌ஷன்’ என்பதைத் தேர்வு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சின்னதாகவும் தெரிந்து ஏமாற்றும்.

கிணறு எங்கே?

படத்தில் வழுவழுப்பாகத் தெரியும் பரப்பு முழுவதும் அளந்தது இல்லை. தண்ணீர் எடுத்துப் பார்த்தது சில கிணறுகளில் மட்டும்தான். நடுவில் இருப்பதை மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பியிருக்கு. கிணறுகளைப் புள்ளியாகக் காட்டாத படம் என்றால் பின்னிணைப்பில் அட்டவணையைத் தேடி, உங்கள் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு படம் கொடுத்திருந்தால் கலர் அளவுகோல் இரண்டிலும் ஒன்றுதானா என்றும் பார்க்கணும். இதில் கோட்டைவிடுவது ரொம்ப சுலபம்.

இன்னொன்று, டி.டி.எஸ். படத்தில் குரோமியம் தெரியாது. அதற்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், டி.டி.எஸ். வரம்பான 500-ல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே அச்சில் போட்டால் குரோமியம் எவ்வளவு கூடினாலும் தரையோடு தரையாகத்தான் கிடக்கும். அதற்குத் தனிப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.